எறும்பு தின்னாத மாவு

"தின்கிற மாவுல இம்புட்டு உப்பைக் கொட்டிப்புட்டியே ஆத்தா. இனி இதை எறும்புகூடத் தின்னாதே."

அயித்தை, அதாவது என் மாமியார், இப்படிச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தன் தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பாக்குவெட்டியில் பாக்கை நறுக்கிக்கொண்டே, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். அப்போது அவர்களுக்கு 84 வயது. நான் மைதாவும் உப்பும் கலந்து பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, கைமுட்டி வரை மாவோடு நின்றாள். பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தோன்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்த மாவை எத்தனையோ தடவை பிசைந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையும் சேர்ந்தே வந்திருக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளிவாகுமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேத்திக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் உப்பு மாவில் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த மறுநாளே, "அப்பத்தா, வீட்ல மைதா இருக்கா?" என்று ஆரம்பித்தாள். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் உப்பு, பதமாகத் தண்ணீர். அளவை அவள்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்போது கல்லுப்புத்தான் இருந்தது. அதை அப்படியே போட்டுப் பிசைந்தேன். மாவு நறநறவென்று ஆற்று மணல் கலந்ததுபோல் வந்தது. யானைத் தும்பிக்கை பிடித்தால் நடுவில் வெடித்தது. 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புதான் கரையும். இந்த மாவில் போடுகிற உப்போ அதைப்போலப் பல பங்கு. ஆக, எவ்வளவு நேரம் பிசைந்தாலும் பெரும்பகுதி உப்பு கரையாமல் பொடியாகத்தான் உள்ளே இருக்கும். அந்தப் பொடி எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொம்மையின் தோல் வழுவழுப்பாக வரும். இரண்டாம் முறை உப்பை வெயிலில் காய வைத்து, மிக்சியில் திரித்து, மாவுச் சல்லடையில் சலித்துப் போட்டேன். பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தேன். எடுத்தபோது காது மடலைத் தொட்டதுபோல் இருந்தது.

மாவு பிசைந்தே பழகிய கைகளுக்கு இது விசித்திரமான மாவு. பரோட்டா மாவை இழுத்துவிட்டால் மறுபடி சுருங்கி வரும். இது வராது. உப்பு அந்தத் துள்ளலை அடக்கிவிடுகிறது. அழுத்தினால் அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும், நகத்தால் கீறினால் கீறல் நிற்கும். அதே சமயம் மைதாவின் பசை பிடித்துக்கொண்டிருப்பதால் உதிராது. பச்சரிசி மாவில் செய்து பார்க்கலாமே என்று ஒருநாள் முயன்றேன். இடியாப்ப மாவைப் பிழியலாம், கொழுக்கட்டை பிடிக்கலாம், ஆனால் ஒரு கை, ஒரு விரல் என்று பிடித்துக் காய வைத்தால் மாலைக்குள் விண்டுபோகிறது. கோதுமைக்குள்ள பிசின் அரிசிக்குக் கிடையாது.

அந்த ஒரு வாரத்தில் என்னென்னவோ செய்தோம். அய்யனார் கோயில் புரவி இரண்டு, பாதிக் கட்டைவிரல் உயரத்தில் பிள்ளையார் பதினொன்று, கொட்டான் என்கிற ஓலைக்கூடை ஒன்று, மூடியோடு ஒரு தூக்குச்சட்டி. கடையில் கிடைக்கும் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கழுத்துக்குள் ஈர்க்குச்சி. கண்ணுக்கு மிளகு. கொட்டான் பின்னலுக்குச் சீப்பு. முடிக்கு ஓமப்பொடி அச்சு: மாவை முறுக்கு உரலில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், கொத்துக் கொத்தாய்க் கூந்தல் இறங்குகிறது. அதைச் சுருட்டிக் கொண்டை போட வேண்டியதுதான். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, விரலால் தண்ணீர் தொட்டு வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக அவள் அயித்தையைச் செய்தாள்.

தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அயித்தை. எதிரில் உட்கார்ந்து நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துச் செய்தாள். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை ஸ்கேல் விளிம்பால் அழுத்திக் கொண்டுவந்தோம். ஓமப்பொடிக் கொண்டை. மடியில் கடுகளவு பாக்குவெட்டி. பாதங்களை மட்டும் அவள் என்னைத் தொட விடவில்லை. அயித்தையின் வலது பாதத்தில் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருக்கும், அதைக் கவனித்து, சின்ன உருண்டைகளாக ஐந்து விரலையும் வைத்து, பெருவிரலைச் சாய்த்தும் வைத்தாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 36 வருடம். அந்த விரலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தின்கிற மாவு

அயித்தை சொன்னது மாவு வீணாகிறது என்ற சிக்கனப் பேச்சு இல்லை. அவர்கள் கை தாராளமான கை. வாசலில் கோலம் போட இன்றைக்கும் பச்சரிசி மாவுதான், கல்பொடியைத் தொட மாட்டார்கள். எறும்புக்குப் போகட்டும் என்பார்கள். மாவிளக்கு ஏற்றினால் அது மலையேறியதும் பிட்டுக் கொடுத்துவிடுவோம். கார்த்திகைத் தீபத்துக்குப் பின் வரும் பிள்ளையார் நோன்புக்குப் பிடித்து நூல்திரி ஏற்றுகிற இழை மாவு, பிடித்த சில நிமிடத்தில் சுடரோடு வாய்க்குள் போய்விடும். மஞ்சள் பிள்ளையாரை ஆற்றிலோ ஊருணியிலோ கரைத்துவிடுகிறோம். நாம் கையால் பிடித்து வைக்கிற உருவம் எல்லாமே வாய்க்கோ எறும்புக்கோ தண்ணீருக்கோ போய்ச் சேர்கிறது. இந்த உப்பு மாவு ஒருத்தருக்கும் போய்ச் சேர்வதில்லை. கோதுமையை, அது யாருக்கும் சோறாக முடியாதபடி செய்து, பொம்மை என்று நிறுத்தி வைக்கிறோம். அயித்தையின் வார்த்தை இந்த இடத்தில்தான் என்னைத் தைத்தது.

பொம்மைக்கு ஆயுள் வருவதும் இதே காரணத்தால்தான். அவ்வளவு உப்பில் பூஞ்சை பிடிக்காது, பூச்சியும் லேசில் அண்டாது. காயக் காயத் தண்ணீர் வெளியேறி, உப்பு இறுகி, மாவைக் கல்லாக்கிவிடும். ஜெர்மனியில் சால்ட்ஸ்டைக் என்று பெயர் வைத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்தது பல வருடம் நிற்கும். எறும்பு தின்னாது என்று அயித்தை குறையாகச் சொன்னது, செய்கிறவர்களுக்கு அதன் பெருமை.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் நாய் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எறும்பு ஒதுக்குவதை நாய் ஒதுக்காது. மாவு வாசனைக்குத் தின்றுவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பில் உப்பு எகிறி, வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை கொண்டுபோய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பச்சை மாவும் ஆபத்து, காய்ந்த பொம்மையும் ஆபத்து. எங்கள் வளவுக்குள் தெரு நாய் ஒன்று உரிமையோடு வந்துபோகும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மாவுத் தட்டைத் தரையில் வைப்பதில்லை. உடைந்த துண்டுகளைச் செடிக்கடியில் போடவும் முடியாது, உப்பு வேரைக் கருக்கிவிடும். ஒரு பிடி மாவைக் குப்பையில் போடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. அயித்தை இதையெல்லாம் அறிந்து சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது.

அவசரம்

பேத்தி ஞாயிற்றுக்கிழமை இரவு ரயில் ஏற வேண்டும். அயித்தை பொம்மையைச் செய்தது புதன்கிழமை. கால் அங்குலக் கனத்தில் உள்ள பிள்ளையார்கள் மூன்று நாள் வெயிலில் கல்லாகிவிட்டன. இந்தப் பொம்மையோ நடு உடம்பில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கனம். பெரிய உருவம் செய்தால் உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்து, மேலே மெல்லிசாக மாவைப் போர்த்த வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கொண்டது. மின்சார அவனில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். போதவில்லை என்று தோன்றி 150-க்கு ஏற்றினேன். முதுகில் கொழுக்கட்டை உப்புவதுபோல் ஒரு கொப்புளம் எழும்பியது. உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைத் தூக்கிவிட்டது. பயந்து வெளியே எடுத்து, ஊசியால் குத்தி அமுக்கி, அதன்மேல் சேலை முந்தானையின் நிறத்தைப் பூசி மறைத்தேன். தட்டிப் பார்த்தேன், மேலே கெட்டியாகத்தான் இருந்தது. ஊருக்குப் போவதற்குள் பிள்ளை அதைப் பளபளப்பாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வார்னிஷ் அடித்தேன். முன்னால், பின்னால், அடியில், ஒரு இடம் விடாமல் இரண்டு பூச்சு.

அவள் அதைத் தூக்கி அயித்தையிடம் நீட்டினாள். "இது உங்களுக்குத்தான்." அயித்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெகுநேரம் பாதத்தையே பார்த்தார்கள். "என் பெருவிரலை எப்படி ஆத்தா கண்டுக்கிட்டே?" என்றார்கள். தான் சாயும் தூணுக்கு எதிரே இருக்கும் மாடத்தில் வைக்கச் சொன்னார்கள். எறும்பைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த வருடம் நல்ல மழை. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், மழை நாளில் முற்றத்தில் விழுகிற தண்ணீரின் ஈரம் வளவு முழுக்கப் பரவும். தூணைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், அப்பளம் டப்பாவை விட்டு எடுத்த கால் மணியில் நமத்துப்போகும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கல்லுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்னாலேயே கசியத் தொடங்கும். உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைக்கிற நாம் எல்லோரும் அறிந்ததுதான். மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பார்கள். மாவையும் உப்பையும் ஒன்றாகவே பிசைந்து வைத்திருந்த எனக்கு அந்த இரண்டு மாதமும் அது ஞாபகம் வரவில்லை. மாடத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

பார்த்தவர்கள் அயித்தைதான். தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சேலை நிறம் மெல்லத் தொய்ந்ததையும், வார்னிஷ் தோலுக்கடியில் நீர் கோத்ததையும், நீட்டிய கால்கள் மாடத்து விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கியதையும். 84 வயதில் தன் உருவம் தன் கண் முன்னால் இளகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு பிசைகிறது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள்

பிள்ளையார் நோன்பன்று காலையில், ஆவாரம்பூவை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பொம்மையை இங்கன எடுத்தா" என்றார்கள். எடுக்கப் போனபோதுதான் நான் பார்த்தேன். பாதம் இரண்டும் கீழே தொங்கி, அந்தப் பெருவிரல் பக்கத்து விரல்களோடு கரைந்து ஒட்டிப் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு வேற செஞ்சு தர்றேன் அயித்தை" என்றேன்.

அவர்கள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. பொம்மையை இரண்டு கையாலும் வாங்கி, அதன் முதுகைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார்கள். தன்னையே தான் எடுத்துக் கொஞ்சுவதுபோல் இருந்தது அந்தக் காட்சி. பிறகு சொன்னார்கள்: "சில்லுனு இருக்கு. இது காயவே இல்லையே ஆத்தா. மேல தோலு கட்டியிருக்கு, உள்ளுக்குள்ள அம்புட்டும் ஈரம். கூழ் வத்தலை ஒரே நாள்ல கடும் வெயில்ல போட்டா இப்படித்தான் ஆகும். மேல மொடமொடன்னு இருக்கும், டப்பாவுல போட்ட எட்டாம் நாள் நடுவுல பூத்துப்போகும்."

ஈரம் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியாகும் இடம் குளிரும். கைவிரலுக்குத் தெரியாத அந்தக் குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரிந்துவிடும். நான் அடித்துப் பூசிய வார்னிஷில் ஊசித் துளை விட்டிருந்த இடமும், தோல் விரிந்த இடமும் அந்தக் குளிர்ச்சியைக் காட்டிக் கொடுத்துவிட்டன. அறுபது எழுபது வருடம் வத்தலும் வடகமும் போட்டுக் காய வைத்தெடுத்த உடம்பு அது.

பொம்மையைக் கவிழ்த்து, "சின்னக் கத்தியைக் குடு" என்றார்கள். அடிப்பாகத்து வார்னிஷைச் சுரண்டினார்கள். மெல்லிய கண்ணாடித் தாள்போல் உரிந்து வந்தது. அடியில் இருந்தது பொம்மை இல்லை, வெள்ளையாய்க் குழைந்த மாவு. பிசைந்து மூன்று மாதம் ஆகியும் அன்று காலை பிசைந்ததுபோல் இருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, "கெட்டுப் போகலை" என்றார்கள். முதுகையும் தொடைக்கு அடியையும் சுரண்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் தொட வேண்டாம் என்றார்கள். வளைந்த கால்களுக்கடியில் இரண்டு விளக்குமாற்றுக் குச்சியைச் சிம்பு வைப்பதுபோல் வைத்து நிமிர்த்தி, நோன்புப் பலகாரத்துக்காக இரண்டாம் கட்டில் மூட்டியிருந்த விறகடுப்பு மேடையின் ஓரத்தில், கை பொறுக்கிற சூட்டில் வைக்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அயித்தைதான் இழை மாவு பிசைந்தார்கள். பச்சரிசி மாவு, வெல்லம், நெய். ஒவ்வொன்றாய் உருட்டி, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துக் கூம்பாக்கி, 21 நூல் சேர்த்த திரியை அதில் பதித்து வரிசையாக வைத்தார்கள். அந்தக் கட்டைவிரலின் இழுப்பை நான் அடுத்திருந்து பார்த்தேன். உப்பு மாவில் நானும் பேத்தியும் பதினொரு பிள்ளையார் பிடித்தபோது துதிக்கை, காது, வயிறு என்று பத்து நிமிடம் பாடுபட்டோம். இங்கே துதிக்கை இல்லை, காது இல்லை, ஒரே ஒரு இழுப்புத்தான், ஆனால் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சுடர் ஏற்றி, குடும்பத்தில் ஒவ்வொருவரும் வந்து குனிந்து வாங்கி, சுடரோடு விழுங்கினோம். பிடித்த உருவம் ஒன்றும் மிச்சமில்லை. தட்டைக் கழுவி வைக்க அடுப்படிக்குப் போனபோது, மேடையோரத்தில் இன்னொரு மாவு உருவம் கால் நீட்டி உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மாவையும் ஒரே நாளில் ஒரே கை தொட்டது. எறும்புகூடத் தின்னாதே என்று சொன்னவர்கள், அந்த மாவை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களும் ஆனார்கள். சொன்னதை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

மூடி வைப்பது

அதற்கப்புறம் எனக்கு எங்கள் ஆல்வீட்டின், அதாவது பெரிய கூடத்தின், சுவர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பத்து வருடம் முன்னால், ஒரு கல்யாணத்துக்காக, அந்த அறையின் பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். முதல் மழைக்கே கொப்புளம் கொப்புளமாய்த் தூக்கிக்கொண்டது. பழைய பூச்சு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அப்படியே நூறு வருடம் நின்றிருக்கிறது. அதன் வாயை நாங்கள் அடைத்துவிட்டோம். பொம்மைக்கும் அதையேதான் செய்திருக்கிறேன். காப்பாற்றுகிறேன் என்று நினைத்து ஈரத்தை உள்ளே வைத்து மூடியிருக்கிறேன். வார்னிஷின்மேல் பழி போடுவது நியாயமில்லை. உள்ளே வரை உலர்ந்த பிறகு, ஒரு இடம் விடாமல் அடித்தால் அது நல்ல காவல்தான். ஆனால் உள்ளே உலர்ந்துவிட்டதா என்று கேட்கிற பொறுமை அடிக்கிறவருக்கு வேண்டும். எனக்கு அன்றைக்கு அது இருக்கவில்லை.

இப்போது நான் செய்வதெல்லாம் சித்திரை, வைகாசியில்தான். பாதி விரல் கனத்துக்கு மேல் போவதில்லை, போக வேண்டியிருந்தால் உள்ளே அலுமினியத் தாள். முதல் நாள் நிழலில், காற்றோட்டத்தில். மறுநாள் இளவெயில். மூன்றாம் நாள்தான் உச்சி வெயில். அவசரப்பட்டால் மேல் சுருங்கி, உள் சுருங்காமல், விரிசல் விடும். விட்டாலும் மோசமில்லை, அதே மாவைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து ஈர்க்கால் உள்ளே செலுத்திவிடலாம். தட்டினால் ஓட்டுச் சில்லைத் தட்டிய சத்தம் வர வேண்டும். சத்தத்தை நம்பி நிறுத்தாமல் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். மஞ்சள்பொடியை மாவிலேயே கலந்தால் முதலில் அழகாக இருக்கிறது, வெளிச்சம் பட்டால் நாலு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. காவி நிற்கிறது. எங்கள் வீட்டில் இருக்கப்போகிற பொம்மைக்கு வார்னிஷ் அடிப்பதை விட்டுவிட்டேன். மழை மாதத்தில் கொஞ்சம் கசியும், தை வெயிலில் வைத்தால் திரும்ப இறுகிவிடும். வெளியூருக்குப் போகிறதற்கு மட்டும் அடிக்கிறேன், அதுவும் பத்துப் பதினைந்து நாள் காய்ந்த பிறகு.

மாவையும் இரண்டு டம்ளர், ஒரு டம்ளர் என்று அளப்பதில்லை. ஒரு பிடி மைதா, அரைப் பிடி உப்பு. அன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பிசைகிறேன். மிச்சம் வந்தால் டப்பாவில் இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நாலைந்து நாளுக்குள் அதையும் ஏதாவது உருவமாக்கிவிடுகிறேன். குப்பைக்கு ஒரு பிடிகூடப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். இது அயித்தையின் வார்த்தைக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒரு பிடியானாலும் அது யாருக்கும் போய்ச் சேராத மாவுதான். பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு வந்துச்சே அப்பத்தா" என்றாள். குழந்தை அவள் கணக்கைச் சொன்னாள். அது சரியென்றும் படுகிறது, போதாதென்றும் படுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பிசைகிறேன்.

அந்தப் பொம்மை காய்வதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அடுப்போரத்தில் சில நாள், பிறகு தை முழுக்க முற்றத்து வெயிலில். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, இடுப்பில் ஒரு விரிசல் விட்டு அதை அடைத்த தடம் தெரிகிறது. வலது பாதத்துப் பெருவிரலை அயித்தையே புது மாவில் ஒரு கடுகுருண்டை உருட்டி, நனைத்து ஒட்டி, நகத்தால் சாய்த்து வைத்தார்கள். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே வைத்தார்கள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த மறுநாள் நானே மறந்திருந்தேன். அவர்கள்தான் மாடத்தைக் கை காட்டினார்கள். முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் பழைய வேட்டித் துண்டை விரித்து, எல்லாப் பொம்மைகளையும் கொண்டுவந்து பரப்பினேன். புரவிகள், பிள்ளையார்கள், கொட்டான், நடுவில் அயித்தை பொம்மை, வெயிலைப் பார்த்து உட்கார்ந்த வாக்கில்.

"அப்படி இல்லை ஆத்தா" என்றார்கள் தூணிலிருந்து. "குப்புறப் போடு. முதுகுலதான் ஈரம் நிக்கும்."

நான் பொம்மையைக் குப்புறப் போட்டுவிட்டு, நாய் வராமல் இருக்க முற்றத்துக் கதவைச் சாத்தினேன்.